ஒன்பது கத்தியும் ஒரு கட்டைவிரலும்

ஆயுத பூஜைக்கு ஆயுதத்தைத் துலக்காமல் வேறு எதைத்தான் துலக்குவதாம்? பர்வதம் பிற்பாடு எத்தனையோ பேரிடம் இதைக் கேட்டாள். தையல் மெஷின், சுத்தியல், கால்குலேட்டர், மகளின் பாடப் புத்தகம், வாசலில் நிற்கிற டொயோட்டா என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கிற நாள் அது. புருஷனின் கண்ணாடி அலமாரிக்குள் மட்டும் இருபத்திரண்டு கத்திகள் கறுப்பேறி, பிசுக்குப் பிடித்துக் கிடந்தால் கை சும்மா இருக்குமா?

இருக்கவில்லை. எண்பத்தேழாம் வருஷம், அமெரிக்காவில் பிளசன்டனில் அவர்கள் வீடு வாங்கி வந்த மூன்றாவது நவராத்திரி. வேலை பார்க்கிற பாங்கில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த பர்வதம், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பெர்க்லி கடையில் வாங்கிய புளியில் ஒரு பெரிய உருண்டையை வெந்நீரில் ஊறப்போட்டாள். கூட உப்பு. அதற்கும் மசியாத கறுப்புக்கு ஸ்டீல் உல் என்கிற இரும்பு நார். கும்பகோணத்தில் பித்தளை அண்டாவோடு மல்லுக்கட்டி வளர்ந்தவளுக்குத் துலக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளமுள்ள சின்னக் கத்திகள்தான். இரண்டரை மணி நேரத்தில் இருபத்திரண்டும் புதுக் காசு மாதிரி மின்னின. துடைத்து, நல்லெண்ணெய் தடவி, பொட்டு வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கினாள். தன் வேலையைத் தானே ரசித்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பசுபதி ஆறு மணிக்கு வந்தார். 680 ஃப்ரீவேயில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது. பூஜை இடத்தைப் பார்த்ததும் களைப்பு போய்விட்டது. வேறொன்று வந்து உட்கார்ந்தது. ஷூவைக் கழற்றாமல் அப்படியே நடந்து வந்து, கத்திகளுக்கு முன்னால் மண்டியிட்டு ஒன்றை எடுத்தார்.

"என்ன பர்வதம் பண்ணி வச்சிருக்கே?"

"பளபளன்னு இருக்கில்ல? எவ்வளவு அழுக்குங்க, அப்பப்பா! நாலு தண்ணி கறுப்பா போச்சு."

"அது அழுக்கில்ல பர்வதம். அது வயசு."

சாமி முன்னால் ஷூவோடு வந்ததற்குத் திட்ட வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பேயறைந்த மாதிரி இருந்தார் மனுஷர்.

அந்தக் கத்திகளைப் பற்றி இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். பசுபதி பைப்லைன் டிசைன் பண்ணுகிற இன்ஜினியர். எழுபத்தைந்திலிருந்து எழுபத்தெட்டு வரை கம்பெனி அவரை இந்தோனேசியாவுக்கு அனுப்பியிருந்தது. சுமத்ராவின் வடக்கு முனையில் அச்சே என்று ஒரு சீமை. அங்கே கேஸ் பிளான்ட் கட்டுகிற வேலை. கேம்ப்பில் இருந்த மற்ற இன்ஜினியர்கள் எல்லாம் அச்சே என்றால் பெரிய குத்துவாள், தந்தப் பிடி, தங்கப் பூண் என்று தேடி அலைந்தார்கள். பசுபதி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாக்கு சீவுகிற கத்தி, பிரம்பு பிளக்கிற கத்தி, மீன் கழுவுகிற கத்தி, இவைதான் அவருக்கு வேண்டும். "சண்டை வருஷத்துக்கு ஒரு நாள் வரும், பாக்கு தினமும் சீவணும். எதுல அந்த ஊர் தெரியும், சொல்லு?" என்பார். வெள்ளிக்கிழமைதோறும் கடைத்தெருவுக்குப் போய் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார்.

அமெரிக்கா வந்த பிறகு புரமோஷன் இரண்டு தடவை பக்கத்து மேஜைக்குப் போனது. பசுபதி வாரக் கடைசியில் கத்திகளுக்கு அட்டை எழுதினார். சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஒரு காலேஜ் மியூசியத்துக்கு இரண்டு வருஷமாகக் கடிதம் போட்டார். கடைசியில் பதில் வந்தது. அடுத்த வசந்தத்தில் ஆசியக் கைக்கருவிகள் என்று ஒரு கண்காட்சி வைக்கிறார்களாம். கத்திகளைப் பார்க்க மார்கரெட் வெப் என்கிற அதிகாரி அடுத்த வாரம் சனிக்கிழமை வீட்டுக்கே வருகிறாள். எல்லாம் சரியாக இருந்தால் அச்சே என்று போர்டு போட்டு ஒரு தனிக் கண்ணாடிப் பெட்டி. கீழே பசுபதியின் பெயர். அந்த மனுஷர் வாழ்க்கையில் தனக்கென்று கேட்டது இந்த ஒரு பெட்டிதான்.

"போன் பண்ணி கேன்சல் பண்ணிடறேன்," என்றார், கத்தியைக் கீழே வைத்துவிட்டு.

"ஏன்? கத்தி அதே கத்திதானே?"

"பழசா புதுசான்னு எதை வச்சு சொல்லுவாங்க? போன வருஷம் டூரிஸ்டுக்குச் செஞ்சதுன்னு சொன்னா நான் என்ன காட்டுவேன்?"

அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. இருபத்திரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பொட்டைத் துடைத்து, பூனைக்குட்டியைத் தூக்குவது மாதிரி தூக்கி அலமாரியில் வைத்தார். சாப்பிட வரவில்லை. அடிப் பாவி, சந்தோஷமாகச் சுண்டல் தாளித்துக்கொண்டே இந்த மனுஷரின் பத்து வருஷத்தைப் புளித்தண்ணியில் கரைத்துவிட்டாயே என்று பர்வதம் தன்னைத்தானே வைதுகொண்டாள். வைது முடித்ததும் வேறு விதமாக யோசித்தாள். கெடுத்தவள் நான். கட்டுகிறவளும் நானாகத்தான் இருக்க வேண்டும்.

"கேன்சல் பண்ணாதீங்க," என்று கதவருகில் நின்று சொன்னாள். "அந்த அம்மா வரட்டும். எனக்கு ஒரு வாரம் டைம் கொடுங்க."

"ஒரு வாரத்துல நூறு வருஷக் கறுப்பைத் திரும்பப் பூசப் போறியா?"

"என்ன பண்ணுவேன்னு தெரியாது. பண்ணுவேன்."

மறுநாள் காலை சமையல் மேடையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்ததும் அச்சேக் கத்திதான். ஆனால் அலமாரிக் கணக்கில் சேராத இருபத்து மூன்றாவது கத்தி. அதையும் அலமாரியில் வைக்கப் பசுபதி ஒரு தரம் கேட்டுப் பார்த்தார். "அப்புறம் நான் எதுல நறுக்குறதாம், உங்க ஸ்லைடு ரூலாலயா?" என்று அவள் சீறியதோடு விட்டுவிட்டார். தினமும் கழுவுகிற கத்திக்கு எதற்குத் துலக்கல் என்று ஆயுத பூஜையன்றும் அதற்கு வெறும் பொட்டோடு சரி. ஒன்பது வருஷ வாழைக்காய்க் கறையில் அட்டைக்கரியாக இருந்தது.

நறுக்கிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கட்டைவிரல் கத்தியின் முதுகில், பிடிக்குப் பக்கத்தில், வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தது. அங்கே சின்னதாக மூன்று வெட்டு. விரல் வழுக்காமல் இருக்க அரத்தால் போட்ட வெட்டு. ஒன்பது வருஷமாக அவள் கட்டைவிரல் தினமும் அந்த மூன்றின் மேல்தான் உட்கார்ந்து எழுந்திருக்கிறது. நேற்றைக்குத் துலக்கும்போது, ஸ்டீல் உல்லுக்குக் கீழே, இதே மூன்று எங்கேயோ தட்டுப்பட்டதே?

வாழைக்காயை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அலமாரியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு கத்தியாகப் பிடித்துப் பார்த்தாள். கண்ணைத் திறந்திருந்தால் பிடியையும் பூணையும் பார்த்து மனசு அலைபாயும். விரலுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. முதல் கத்தியில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பிசுக்கு அடைத்துக்கொண்டு இத்தனை வருஷம் தூர்ந்து கிடந்திருக்கிறது. கடைசியில் மேஜை மேல் இரண்டு குவியல் இருந்தது. வெட்டு உள்ளவை ஒன்பது. இல்லாதவை பதிமூன்று.

பர்வதமும் கூடப் போயிருந்த அந்த அச்சே கேம்ப்பில் வீடு வீடாகக் காய்கறியும் மீனும் கொண்டுவந்து விற்றவள் ஹலிமா. பர்வதத்தின் வயசுதான். மீன் வாங்காத வீடு என்று தெரிந்தும் தினமும் வந்து கால் மணி நேரம் உட்கார்ந்து பாக்கு சீவிப் போட்டுக்கொண்டு போவாள். இருவருக்கும் பொதுவாக இருந்த மலாய் வார்த்தை ஐம்பது தேறாது. சிரிப்புக்கு அது தாராளமாகப் போதும். பர்வதம் தரையில் அரிவாள்மணையைப் போட்டு ஏறி உட்கார்ந்து பூசணிக்காயைப் பிளந்ததை முதல் தடவை பார்த்த அன்று, ஹலிமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கத்தியை நட்டு வைத்துவிட்டு காயை ஆட்டுகிற ஜனமும் உலகத்தில் இருக்கிறதா! ஊரைவிட்டுக் கிளம்பும்போது பர்வதம் அந்த அரிவாள்மணையை அவளுக்கே கொடுத்துவிட்டாள். பதிலுக்கு ஹலிமா ஆற்றுக்கு அந்தப் பக்கம் கம்போங் பாரோ என்கிற கிராமத்தில் இருந்த தன் அண்ணன் பட்டறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அண்ணன் அவள் கண்ணெதிரே இந்தக் கத்தியை அடித்தார். முடிக்கும்போது பர்வதத்தின் கட்டைவிரல் எங்கே படும் என்று வைத்துப் பார்க்கச் சொல்லி, அந்த இடத்தில் அரத்தை எடுத்து மூன்று இழுப்பு இழுத்தார். மீன் கழுவுகிற ஈரக் கை வழுக்கும், அதற்குத்தான் என்று ஹலிமா ஜாடை காட்டினாள். மீன் கழுவாதவளுக்கும் சேர்த்து.

சாயங்காலம் பசுபதி வந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தொடவைத்தாள். தொட்டார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். பூதக்கண்ணாடி எடுத்துவந்து பார்த்தார்.

"ஒரே பட்டறை!" என்று கூவினார். "ஒரே கை! பர்வதம், நூறு வருஷம் இல்லாட்டிப் போகுது, ஊர் தெரியும், ஆளு தெரியும், நீ நேர்ல பார்த்திருக்கே! எந்த மியூசியத்துல இப்படி இருக்கும்?" அப்புறம்தான் மற்றக் குவியல் அவர் கண்ணில் பட்டது. "இது?"

"இதுல வெட்டு இல்ல."

"அப்ப இது வேற பட்டறை. அவ்வளவுதானே? இதுவும் அச்சேதான். அங்கதான் வாங்கினேன்."

"அங்கதான் சீனப் பீங்கானும் வாங்கினோம், ஜப்பான் ஃபேனும் வாங்கினோம். மேடான்லேர்ந்து, பினாங்குலேர்ந்து படகு படகா வந்து இறங்கும், நீங்களே சொல்லியிருக்கீங்க."

"மார்கரெட் கேட்டா நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒன்பதைப் பத்தி மட்டும் பேசு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"அது எப்படிங்க? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கவா? தெரிஞ்சதைத் தெரியும்பேன். தெரியாததைத் தெரியாதும்பேன். ரெண்டையும் கலந்தா தெரிஞ்சதும் போயிடும்."

"தங்கமான கத்தியெல்லாம் அதுலதான் இருக்கு பர்வதம்! பிரம்புக் கத்தி, அந்த வளைஞ்ச பிடி, எல்லாம் அந்தப் பதிமூணுலதான்! எல்லாத்தையும் துலக்கிக் கெடுத்தே, இப்ப பாதியை வேற பிடுங்கறியா?"

சொன்ன பிறகு அவருக்கே சுருக்கென்றிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் பிடியை விடவில்லை. அதன் பிறகு அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் உப்பு, புளி, பால், பில் தவிர வேறு பேச்சு இல்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு மார்கரெட் வெப் வந்தாள். அறுபது வயசு, நரைத்த கிராப்பு, பையில் லென்ஸும் அளவுகோலும். பர்வதம் போட்ட காபியை ருசித்துக் குடித்தாள். டைனிங் டேபிளில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்த கத்திகளைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"இவற்றை யார் சுத்தம் செய்தது?"

"நான்தான்," என்றார் பசுபதி. பர்வதம் திகைத்துப்போனாள். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாத மனுஷர், அவளைப் பார்க்காமலேயே, பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விட்டது. அதற்காகப் பொய்யை விட்டுவைக்க முடியுமா?

"இல்லை, நான் செய்தேன்," என்றாள் இங்கிலீஷில். "எங்கள் வழக்கம். வருஷத்துக்கு ஒரு நாள் கருவிகளைத் துலக்கிக் கும்பிடுவோம். இவருக்குத் தெரியாது."

மார்கரெட் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஐந்தாறு கத்திகளை எடுத்துப் பார்த்தாள். வயசு சொல்ல இனி வழியில்லை, எங்கே செய்தது என்று சொல்லவும் கடைத்தெரு ஞாபகம் போதாது, ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்று மெதுவாகச் சொல்லி, நோட்டை மூடிப் பைக்குள் வைக்கப் போனாள். பசுபதி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் பர்வதம். "கண்ணை மூடிக்கொள்ளுங்கள்."

"என்ன?"

"கண்ணை மூடி, கையை நீட்டுங்கள். காய் நறுக்குவது மாதிரி பிடியுங்கள்."

பாங்கில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களை ஃபாரத்தில் கையெழுத்து போடவைக்கிற அதே குரல். மார்கரெட் மூடினாள். பர்வதம் ஒவ்வொன்றாக ஒன்பதையும் அவள் கையில் கொடுத்து, கட்டைவிரலைப் பிடித்து உரிய இடத்தில் வைத்தாள். மூன்றாவது கத்திக்கெல்லாம் அந்த அம்மாவின் புருவம் ஏறிவிட்டது. பத்தாவதாகச் சமையலறைக் கத்தியைக் கொடுத்தாள். அதற்கும் அதே மூன்று.

மார்கரெட் கண்ணைத் திறந்து லென்ஸை எடுத்தாள். பத்துக் கத்தியையும் வரிசையாக வைத்து நெடுநேரம் பார்த்தாள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வெட்டெல்லாம் இடது பக்கமாகச் சாய்ந்திருக்கிறதே, கவனித்தீர்களா?"

"அவர் பீச்சாங்கைக்காரர்!" பர்வதம் தமிழிலேயே கத்திவிட்டு, இங்கிலீஷில் திருப்பிச் சொன்னாள். பட்டறை, துருத்தி, அரம் பிடித்த இடது கை, ஆறு, கம்போங் பாரோ எல்லாவற்றையும் சொன்னாள். மூடின நோட்டு திறந்தது. மார்கரெட் பக்கம் பக்கமாக எழுதினாள்.

"சரி, மிச்சம் பதிமூன்று?" என்று தலையைத் தூக்கினாள்.

பர்வதம் வாய் திறந்தாள். அதற்குள் ஜன்னல் பக்கமிருந்து பசுபதி வந்துவிட்டார். பிரம்புக் கத்தியை, அந்த வளைந்த பிடிக் கத்தியை, அவருக்கு உயிரான அத்தனையையும் ஒவ்வொன்றாகத் துணியிலிருந்து எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

"இவற்றை அச்சேயில் வாங்கினேன். எங்கே செய்தது என்று எனக்குத் தெரியாது," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பர்வதத்துக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வந்திருக்கிறவளுக்கு முன்னால் அதெல்லாம் முடியுமா? காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள்.

மார்கரெட் ஒன்பதையும் கேட்டாள். கூடவே பத்தாவதையும் கேட்டாள். அது இல்லாவிட்டால் மற்ற ஒன்பதுக்கும் சாட்சி இல்லையாம். அதில் மட்டும்தான் உபயோகித்த கறுப்பு அப்படியே இருக்கிறதாம்.

"தருகிறேன்," என்றாள் பர்வதம். "அட்டையில் ஹலிமா பெயர் வர வேண்டும். அவள் அண்ணனும் வர வேண்டும்."

மார்கரெட் தயங்கினாள். அட்டையில் ஊர், உபயோகம், இரவல் கொடுத்தவர் பெயர், இவ்வளவுதான் போடுவது வழக்கம். செய்தவர் பெயருக்குச் சான்று வேண்டும். "அண்ணன் பெயர் என்ன?"

அங்கேதான் பர்வதம் மாட்டிக்கொண்டாள். அவரை அவள் 'அபாங்' என்றே கூப்பிட்டிருக்கிறாள். அண்ணன் என்று அர்த்தம். பெயரைக் கேட்கத் தோன்றவே இல்லை. வெட்கத்தில் முகம் சுருங்கியது. இருந்தாலும் கத்தி மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"ஹலிமாவின் அண்ணன் என்று போடுங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவு. அவர் செய்தார், அவள் கொடுத்தாள், நான் ஒன்பது வருஷம் நறுக்கினேன். அதைப் போட இடமில்லை என்றால் கத்தி சமையலறைக்குப் போகட்டும். மதியக் கறிக்குப் பாதி வாழைக்காய் அங்கே காத்துக்கொண்டிருக்கிறது."

பசுபதிக்குப் பெட்டி கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போகப் பார்க்கிறது. ஒரு வார்த்தை, 'விடு பர்வதம்' என்று ஒரு வார்த்தை, சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று மார்கரெட் கிளம்பினாள். செவ்வாய்க்கிழமை போன் வந்தது. போடுகிறார்களாம்.

ஏப்ரலில் கண்காட்சி திறந்த அன்று பர்வதம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். அச்சே என்று தனிப் பெட்டி. பத்துக் கத்தி. அட்டையில் இருந்தது: 'கம்போங் பாரோ பட்டறையில் ஹலிமா என்பவரின் அண்ணன் செய்தவை. கறுப்பாக உள்ள கத்தியைத் திருமதி பர்வதம் ஓர் அரிவாள்மணைக்கு மாற்றாகப் பெற்றார்.' கீழே, இரவல் தந்தவர் பசுபதி. அங்கே அச்சேயில் எவனாவது அரிவாள்மணையை வைத்துக்கொண்டு இது என்ன ஆயுதம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பான் என்று பசுபதி சொன்னதும், அவள் அங்கேயே சத்தமாகச் சிரித்துவிட்டாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

மறுநாள் சமையலறையில் சிரிப்பெல்லாம் வரவில்லை. மாலில் வாங்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கத்தி, அத்தனை மாசம் ஆகியும் கைக்கு வரவில்லை. கட்டைவிரல் தன் இடத்தைத் தேடிப் போய், வழுக்கி, இறங்கியது. "சனியன்" என்றாள். டேபிளில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பசுபதி எழுந்து வந்தார். ஒன்றும் கேட்காமல் கத்தியை அவள் கையிலிருந்து வாங்கினார். "இப்படிப் பிடி" என்று அவள் கட்டைவிரலைக் கத்தி முதுகில் வைத்து, அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு கராஜுக்குப் போனார். அங்கிருந்து அரம் இழுக்கிற சத்தம் கேட்டது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லேசில் மசியவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று.

வியர்த்து விறுவிறுத்து வந்து கத்தியை நீட்டினார். மூன்று வெட்டு. பர்வதம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இது வலது பக்கமா சாயுதே!"

"சாயட்டும்," என்றார் பசுபதி, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு. "அப்பத்தானே நாளைக்கு ஒருத்தி தொட்டுப் பார்த்துச் சொல்லுவா, இது வேற பட்டறைன்னு."